லாம்பெர்ட் எழுதிய பதினொரு பக்கம்

"சைக்கிள் நீளம் எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று போனில் அந்தப் பெண்மணி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"சாதாரணமா ரெண்டு மீட்டர். கூடு போட்ட வண்டின்னா ரெண்டே முக்கால்," என்றார் லாம்பெர்ட்.

"ரெண்டே முக்கால் மீட்டருக்கு ஒரு சைக்கிள்."

"ஆமாங்க. படுத்துக்கிட்டு ஓட்டுறது."



"அப்போ கட்டில் எதுக்கு? வண்டியிலயே படுத்துக்க மாட்டீங்களா?"

"ராத்திரி எல்லாரையும் போலத்தாங்க தூங்குவோம். இருபத்திரண்டு கட்டில் வேணும். வண்டிங்களுக்கு ஒரு கொட்டகை. கொட்டகைக் கதவு ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டராவது அகலம் இருக்கணும். உங்க கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?"

"சார், இங்க கல்யாண வீட்டுக்காரங்க வராங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வராங்க. இதுவரைக்கும் கதவைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

லாம்பெர்ட் பட்டியலில் பதினேழாவது பெயரை அடித்தார். மார்ச் மாதம் பாதி போய்விட்டது. பயணம் ஜூன் மூன்றாவது வாரக் கடைசியில். எங்கள் சைக்கிள் சங்கத்தில் அந்தத் தேதி மட்டும் என்றைக்கும் மாறியதில்லை.

சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்து, பெடலைக் கால் நீட்டுகிற இடத்தில் மாட்டினால் அதுதான் சாய்வு சைக்கிள். காற்றும் மழையும் படாமல் அதைச் சுற்றி ஓடு மாதிரி மூடினால் கூடு போட்ட வண்டி. முதுகுவலி, முழங்கால்வலி என்று எதையாவது சாக்குச் சொல்லி வாங்குவோம். வாங்கிய பிறகு வேறு எதைப் பற்றியும் பேச மாட்டோம். எதிரே வருகிற ஒவ்வொரு நல்ல மனிதரும் எங்களைப் பார்த்து, "என்ன, தூக்கம் வருதா?" என்று கேட்பார். இருபது வருடமாக இதே கேள்வி. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோல நாங்கள் சிரிக்கவும் வேண்டும்.

லாம்பெர்ட் அப்படிச் சிரித்துச் சிரித்து ஐம்பத்தெட்டு வயதானவர். நகராட்சியில் போக்குவரத்துப் பிரிவு. எந்த ஊர் நகராட்சி என்று சொல்ல மாட்டேன், மனிதர் பென்ஷன் வாங்க இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. அலுவலகத்தில் அவருடைய வண்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் எங்கள் சங்கத்தின் இருபத்தோரு பேர் மட்டும்தான். அதனால் அந்தச் சங்கம் அவருக்கு உயிர்.

உயிர் என்பதாலேயே போன வருடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். போன ஜூனில் ஹார்மன் எங்களை வடக்கே ட்ரென்ட்ட மாகாணத்துப் பக்கம், ஃபென்னா என்கிற அம்மாளின் பண்ணைக்கு அழைத்துப் போனார். ஹார்மனுக்கு எழுபது வயது, சங்கத்தின் தலைவர், எதற்கும் பதற்றப்படாதவர். பயணம் முடிந்த மறுவாரம் லாம்பெர்ட் அவருக்குப் பதினொரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். இருபத்திரண்டு பேருக்கு இரண்டே குளியலறை. கொட்டகைக் கதவு ஒடுக்கம். ஜூன் மாதத்தில், குளிர்காலத்துக்கான பட்டாணி சூப். எல்லாவற்றுக்கும் மேலாக, போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று. 'சரியாகத் திட்டமிட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்' என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்.

குறை எழுதுகிறவர்தான் அடுத்த வருடம் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் சங்கத்தின் ஒரே சட்டம் அது. ஹார்மன் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கேப்பா. நீயே நடத்திடு," என்றார். லாம்பெர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஒரு காலத்தில் நாலு பக்கம் எழுதியவன்தான். அது இப்போது வேண்டாம்.

ஜனவரிக் கூட்டத்தில் யூரியான் ஒரு குண்டைப் போட்டான். கூடு போட்ட வண்டிக்காரர்கள் ஆறு பேருக்கு அவன்தான் தளபதி. வேகத்தைத் தவிர அவனுக்கு வேறு மதம் கிடையாது.

"இந்தத் தடவை சரியா அமையலைன்னா நாங்க ஆறு பேரும் தனியா ஜெர்மனி பக்கம் போயிடுவோம்யா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்."

அன்றிலிருந்து லாம்பெர்ட்டுக்குச் சரியான தூக்கம் இல்லை. தன் கையால் சங்கம் உடைந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தார்.

பதினெட்டாவது இடம் படிந்தது. காட்டுக்குள் நல்ல விடுதி, ஐந்து குளியலறை, அகலமான கதவு. லாம்பெர்ட் எல்லோருக்கும் எழுதினார். பத்தாவது நிமிடம் கோரியிடமிருந்து போன் வந்தது. கோரி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், இடுப்பு ஆபரேஷன் ஆனவள், மூன்று சக்கரச் சாய்வு வண்டி ஓட்டுபவள்.

"லாம்பெர்ட், அங்க மேடு இருக்கே."

"சின்ன மேடுதான் கோரி."

"சாதாரண சைக்கிள்காரன் எழுந்து நின்னு மிதிப்பான். நான் படுத்திருக்கேன். நான் எங்க எழுந்து நிக்கிறது?"

நியாயம்தான். லாம்பெர்ட் அந்த இடத்தை விட்டுவிட்டு, உள்ளங்கை போலச் சமதரையான ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆப்பிள் தோட்டம். தோட்டக்காரர் சாது. லாம்பெர்ட் நாற்பத்தோரு கேள்விகள் அனுப்பினார். நாற்பதுக்குப் பதில் வந்தது. ஜூன் மாதத்தில் காற்று எந்தத் திசையில் வீசும் என்பதற்கு மட்டும், 'அது என் பொறுப்பில் இல்லை' என்று எழுதியிருந்தார்.

ஆற்றைக் கடக்கப் படகு உண்டு. ஒரு சனிக்கிழமை லாம்பெர்ட் தன் வண்டியோடு படகுத்துறைக்குப் போனார். படகுக்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்ன, தூக்கமா?"

லாம்பெர்ட் சிரித்தார். "இது மாதிரி இருபத்திரண்டு வண்டி வரும்."

"இது ஒண்ணு மூணு பேர் இடத்தை அடைக்குதே. ஒரு தடவைக்கு ஆறு வண்டிதான் ஏத்துவேன்."

"அப்போ நாலு தடவை."

"நாலு தடவை போய் வரணும்னா ரெண்டு மணி நேரம். நடுவுல நான் காபி குடிப்பேன்."

லாம்பெர்ட் சோர்ந்துவிடவில்லை. நான்கு குழுவாகப் பிரிந்து புறப்படலாம் என்று முடிவு செய்து, யாருக்கு எந்தக் குழு வேண்டும் என்று ஓட்டெடுப்பு வைத்தார். முதல் குழு காலை ஏழரைக்குப் புறப்படும். இரண்டாவது குழு ஒன்பதரைக்கு, காபி குடித்துவிட்டு. இரண்டாவது குழுவுக்குப் பதினாறு ஓட்டு விழுந்தது. முதல் குழுவுக்கு யூரியான் மட்டும். யூரியானோடு போக முடியாது என்று நான்கு பேர் தனித்தனியாக, ரகசியமாக எழுதினார்கள். ஒருவர் ஓட்டெடுப்பின் தேதியே தனக்கு வசதிப்படவில்லை என்றார்.

"படகே வேண்டாம், பாலம் வழியாப் போயிடலாம்," என்றார் லாம்பெர்ட் மனைவி மார்காவிடம். "பத்தொன்பது கிலோமீட்டர் கூட. ஆனா எல்லாரும் ஒண்ணாப் போகலாம்."

அவள் மருத்துவமனையில் நர்ஸ். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள்காரி. கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவரோடு படுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியதில்லை. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை இரக்கப்பட்டு, அளவு நாடாவைப் பிடித்துக்கொள்ளக் கூடவே போனாள்.

பாலத்தைத் தாண்டியதும் சைக்கிள் பாதையின் வாயிலில் மூன்று இரும்புக் கம்பங்கள் நின்றன. கார் உள்ளே நுழையாமலிருக்க நட்டவை. லாம்பெர்ட் இடைவெளியை அளந்தார். எழுபத்தைந்து சென்டிமீட்டர். கோரியின் மூன்று சக்கர வண்டி எண்பத்திரண்டு.

"எந்த மடையன் இதை இப்படி நட்டது?" என்றார் லாம்பெர்ட். "எழுபத்தைஞ்சாம். ஒரு மனுஷன் இதை யோசிக்க வேண்டாமா? மேசையில உட்கார்ந்து கோடு போடுற பசங்களுக்கு ரோடு எப்படித் தெரியும்?"

மார்கா கம்பத்தின் அடியில் குனிந்து அதிலிருந்த வருடத்தைப் படித்தாள்.

"இரண்டாயிரத்துப் பதினொண்ணு. லாம்பெர்ட், அந்த வருஷம்தானே ஒரு மாசம் நம்ம சாப்பாட்டு மேசையில ஏதோ கம்பம் வரைஞ்சுக்கிட்டு இருந்தே? நாங்க எல்லாம் தட்டை மடியில வச்சுச் சாப்பிட்டோமே?"

லாம்பெர்ட் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். வண்டியைத் திருப்பினார். அன்று எதிர்காற்று வேறு.

நடுக் கம்பத்தை இரண்டு நாளுக்குக் கழற்றி வைக்கும்படி நகராட்சிக்கு ஒரு குடிமகனாக மனுப் போட்டார். வெள்ளிக்கிழமை போட்ட மனு திங்கட்கிழமை காலை அவர் மேசைக்கே வந்தது. அந்த மாதிரி மனுக்களுக்குப் பதில் சொல்கிற அதிகாரி அவர்தான். தன் மனுவைத் தானே தீர்ப்பது முறையல்ல என்று நேர்மையாக எதிர்மேசைக்குத் தள்ளிவிட்டார். வழக்கத்துக்கு மாறாக ஒரே வாரத்தில் பதில் வந்தது. கம்பங்களை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது என்பதற்கு ஒன்பது காரணங்கள் தெளிவாக எழுதப்பட்ட ஒரு பழைய குறிப்பை மேற்கோள் காட்டி மனு தள்ளுபடி. குறிப்பின் கீழே லாம்பெர்ட்டின் கையெழுத்து இருந்தது.

"நீங்க எழுதினதுலயே இதுதான் சார் பெஸ்ட்," என்றான் எதிர்மேசைக்காரன். "ஒரு ஓட்டை கூட இல்ல."

கோரியின் வண்டியை மட்டும் நாலு பேர் தூக்கிக் கம்பத்தைத் தாண்டலாம் என்று லாம்பெர்ட் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். தூக்குபவர்கள் பட்டியலையும் தயாரித்தார். பட்டியலில் இருந்த நால்வருக்கும் முதுகுவலி. அதனால்தான் அவர்கள் சாய்வு சைக்கிளே வாங்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் தோட்டக்காரருக்கும் அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்தார். மே மாதம் முதல் வாரம் தோட்டக்காரர் போன் செய்தார். சாதுவின் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் சூடு தெரிந்தது.

"சார், மன்னிக்கணும். உங்க அறுபத்து மூணாவது கடிதம் வந்துச்சு. அதே நாளுக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு கேட்டாங்க. முப்பது பேர், ஊதுகுழல், மேளம் எல்லாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, 'இடம் இருக்கா'ன்னு. கொடுத்துட்டேன்."

லாம்பெர்ட் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றார். ஆறு வாரம் இருந்தது. இருபத்திரண்டு பேருக்கு ஒரு கூரை இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, தன் பதினொரு பக்கத்தில் கிழிகிழியென்று கிழித்த அந்தப் பண்ணைக்கே போன் போட்டார்.

"ஜூன் மூணாவது வாரமா?" என்றார் ஃபென்னா. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "அது போன வருஷமே போயிடுச்சு சார்."

"போன வருஷமேவா?"

"போன ஜூன்லயே பிடிச்சு வச்சுட்டாங்க."

அந்தப் பட்டாணி சூப்புக்கு ஒரு வருடம் முன்னாலேயே ஆள் அடித்துப் பிடிக்கிறதா என்று லாம்பெர்ட்டுக்கு உலகமே வெறுத்துப்போயிற்று.

அன்று மாலை ஹார்மன் வீட்டுக்குப் போனார். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹார்மன் ஒன்றும் கேட்காமல் காபி ஊற்றினார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தார், மூடினார். லாம்பெர்ட் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்து இரண்டாவது பிஸ்கட்டும் கொடுத்தார். ஹார்மன் வீட்டில் இரண்டாவது பிஸ்கட் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாம்பெர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால முடியல ஹார்மன். நான் விலகிக்கிறேன். யூரியான் ஆளுங்க தனியாப் போகட்டும். சங்கத்தை உடைச்சவன்னு என் பேரு இருந்துட்டுப் போகட்டும்."

"உட்காருப்பா. சங்கம் அவ்வளவு சீக்கிரம் உடையாது."

"உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேனே. குளியலறை, கதவு, காற்று. காற்றுக்குக்கூட உங்களைத் திட்டினேன். மன்னிச்சிடுங்க. நீங்க எப்படி இதைப் பண்ணினீங்கன்னு இப்பத்தான் புரியுது."

ஹார்மன் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல ஃபென்னாவுக்கு இன்னொரு தடவை போன் பண்ணிப் பாரு. ஜனங்க திட்டம் மாறிக்கிட்டேதான் இருக்கும்."

வியாழக்கிழமை நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு லாம்பெர்ட் போன் செய்தார்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். இப்பத்தான் அந்த இடம் காலியாச்சு. இருபத்திரண்டு கட்டில்தானே?"

லாம்பெர்ட் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். மார்கா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் முதுகுவலிக்கான பயிற்சி என்றார். அன்று எல்லோருக்கும் அனுப்பிய செய்தியில், 'மிகக் கடினமான பேச்சுவார்த்தைக்குப் பிறகு' என்ற வரி இருந்தது. அலுவலகத்தில் எதிர்மேசைக்காரனிடமும், விடாமுயற்சி என்றால் என்ன, யாரிடம் எந்த நேரத்தில் பேச வேண்டும் என்றெல்லாம் அரை மணி நேரம் பாடம் எடுத்தார்.

ஜூன் மூன்றாவது வாரம் இருபத்திரண்டு பேரும் புறப்பட்டோம். போகும்போது எதிர்காற்று. யூரியான் கூடு வண்டியைக் கொட்டகைக் கதவில் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு பேர் பிடித்துத் தள்ள, கீறல் விழாமல் உள்ளே கொண்டுபோனான். தனியாகப் போவது பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குளியலறை வாசலில் துண்டைத் தோளில் போட்டு வரிசை நின்றது. அந்த வரிசையில்தான் கோரி எல்லோருக்கும் மூன்று குரலில் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மாலை மேசையில் பட்டாணி சூப் வந்தது. வெளியே இருபத்தெட்டு டிகிரி வெயில்.

"ஜூன்ல இந்த சூப்பா?" என்று கேட்டாள் லீசெட். ஒருவர் விலகிய இடத்தில் இந்த வருடம்தான் சேர்ந்தவள், முப்பத்திரண்டு வயது, ஏதோ கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வந்ததிலிருந்து போனில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தாள்.

"சைக்கிள் ஓட்டினவங்களுக்கு உப்புச் சத்து வேணும்மா. எல்லாம் யோசிச்சுத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கு," என்றார் லாம்பெர்ட். அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். அந்த மேசையைச் சுற்றி இருந்த இருபத்தோரு முகத்தையும் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவர்களை ஒரே கூரைக்குக் கீழே சேர்த்தது நான் என்று நினைத்துக்கொண்டார். மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஹார்மன் அவரைப் பார்த்துத் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டாம் நாள் காலை கிளம்புகிற நேரத்தில், காற்று இரவோடு இரவாகத் திரும்பி மறுபடி முகத்துக்கு நேராக வந்து நின்றது. எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தபோது லீசெட் லாம்பெர்ட்டிடம் வந்தாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. சில சின்னச் சின்ன கருத்து."

ஃபென்னாவின் ஆபீஸ் மிஷினில் காலையிலேயே அச்செடுத்திருந்தாள். பதினான்கு பக்கம். கடைசியில் காற்றுக்கு ஒரு வரைபடம்.

லாம்பெர்ட் முதல் பக்கத்தைப் படித்தார். காது சிவந்துவிட்டது. 'இரண்டே குளியலறை.' 'திட்டமிட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.' ஆறு மாதம் ராப்பகல் பார்க்காமல் நாய் படாத பாடு பட்டவனுக்கு இதுவா மரியாதை? குளியலறையை அவர் என்ன பையில் போட்டுக்கொண்டா வர முடியும்? காற்றுக்கு வரைபடம் போடுகிறாளே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் இருபத்திரண்டு பேருக்கு இடம் பிடித்துப் பார்க்கட்டும்.

மனம் ஆறவே இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்க, கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஃபென்னா சூப் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிய பிறகு அவர் பார்வை காகிதக் கட்டின் மேல் விழுந்தது. உடனே கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து முன்பதிவு நோட்டை எடுத்தார்.

"கடிதம் வந்துடுச்சா? நல்லது, அடுத்த ஜூனுக்கு உங்க பேருல இடத்தைப் பிடிச்சு வச்சிடுறேன்," என்றார் ஃபென்னா, பேனாவைத் தேடியபடி. "ஹார்மனும் போன வருஷம் உங்க கடிதம் கைக்கு வந்த அன்னைக்கே போன் பண்ணி இடத்தைப் பிடிச்சுட்டார். இந்தப் பொண்ணு போன் பண்ணினாலும் வழக்கம்போல முதல் தடவை இல்லைன்னுதானே சொல்லணும்?"